நனைந்த சிமெண்டு நிறம்

ஆகஸ்ட் 19

இன்று முதல் இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். இத்தனை வருடமும் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். கான்வென்டில் சிஸ்டர் எமெரென்சியானா பக்கத்தில் நின்று பழக்கிய கூட்டெழுத்து. ஒரு வார்த்தை முடியும்வரை பேனா தாளைவிட்டு எழும்பக்கூடாது. தமிழில் ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வைத்துவிட்டு மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஒரு மாறுதலுக்காகத்தான். வேறு காரணம் இல்லை.

பூ விரிந்துவிட்டது.

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நேற்று சாயங்காலமே மொட்டின் முறுக்கு தளர்ந்திருந்தது. விடிவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாதி விரிந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மீதியையும் பார்த்தேன். தூத்துக்குடியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நிறம் தெரியும். மழைக்கு முந்தின விடியற்காலையில் உப்பளத்துப் பாத்திகளின் மேல் நிற்கும் நிறம். சாம்பல் என்று சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் மட்டும் ரோஜா கசிந்திருக்கும். அந்த நிறத்தில் ஒரு செம்பருத்தி வேண்டும் என்று என் கணவர் லியோன் இறந்த மறுவருடம் தொடங்கினேன். ஒன்பது வருடம். மகரந்தம் மாற்றி, விதை எடுத்து, முளைக்கவைத்து, பூத்ததும் பார்த்து, பிடிக்காததைப் பிடுங்கி எறிந்து. இன்று காலை அது என் முன்னால் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பூ. கடவுளுக்கும் எனக்கும் மட்டும் இதில் பங்கு. கடவுளின் பங்குதான் அதிகம் என்று சிஸ்டர் எமெரென்சியானா திருத்துவார்கள். இருக்கட்டும்.

ஏழு மணிக்கு டெல்பின் வந்தாள். லியோனின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள், மதிலுக்கு அந்தப் பக்கம், குடும்ப வீட்டின் மறுபாதியில் இருக்கிறாள். பழைய பெயிண்ட் டப்பாவில் எதையாவது குத்திவைப்பாள், அது முளைக்கும். ஏன் முளைக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

“சேசு மரி சூசை! என்ன மைனி இது, நனைஞ்ச சிமெண்டு மாதிரி இருக்கு?”

“நல்லாப் பாரு, டெல்பின்.”

“பாத்துட்டுத்தான் சொல்லுதேன். நம்ம மொட்டைமாடி பூசுனப்ப இதே கலர்தான் இருந்துச்சு.”

காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 20

பூ சுருண்டுவிட்டது. ஒரு நாள்தான் ஆயுள். வருத்தம் இல்லை, செடி இருக்கிறது.

பெயர் வைக்க வேண்டும். புதுப் பூவை உண்டாக்கியவர் வைக்கும் பெயர்தான் அதற்குப் பெயர். எப்போதோ முடிவு செய்துவிட்டேன்: பெர்பெத்துவா.

ஆணவம் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டி வரலாம். ஆனால் லியோன் போனபிறகு என்னை அந்தப் பெயரால் யாரும் கூப்பிடவில்லை. ரெஜிக்கு அம்மா. டெல்பினுக்கு மைனி. பேங்கில் மேடம். கோயிலில் லியோன் வீட்டம்மா. ஒரு பெயர் சும்மா கிடக்கிறது. பூவுக்காவது ஆகட்டும்.

ஆகஸ்ட் 25

வேறு இரண்டு செடிகளை இணைக்க உட்கார்ந்தேன்.

இந்த வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து விட்டுவிட்டேன். செம்பருத்தியின் நடுத்தண்டு நுனியில் ஐந்து சிறு பொட்டுகள் இருக்கும், வெல்வெட்டில் செய்ததுபோல. அதற்குக் கீழே மகரந்தம், மஞ்சள் பொடி. ஒரு பூவின் பொடியைத் தூரிகையில் எடுத்து இன்னொரு பூவின் ஐந்து பொட்டுகளிலும் ஒற்ற வேண்டும். தேய்க்கக்கூடாது. ஒற்ற வேண்டும். பிறகு பூ உதிரும். காய் நின்றால் நின்றது. காய் முற்ற வேண்டும், விதை முளைக்க வேண்டும், செடி பூக்க வேண்டும். சமையலில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தையலில் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். இதில் இன்று காலை நினைத்த நிறம் சரிதானா என்று தெரிய ஒன்றரை வருடம் ஆகும். தூரிகையைப் பிடித்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நான் விதவை இல்லை, வயதானவள் இல்லை, யாருக்கும் அம்மாவும் இல்லை. இன்னும் ஒன்றரை வருடம் இருப்பேன் என்று துணிந்து சொல்பவள்.

இன்று பொடியில் பெரும்பாதி மடியில் கொட்டிவிட்டது. காற்று.

செப்டம்பர் 3

கச்சான் காற்று நிற்கவே இல்லை. மேற்கு பார்த்த ஜன்னல்களில் துடைக்கத் துடைக்க மணல். மாநகராட்சித் தண்ணீர் வந்து பல நாளாகிறது. போர்வெல் தண்ணீரை ஹோஸில் விட்டுக்கொண்டிருக்கிறேன். உப்பு என்று தெரியும். தொட்டியில் மழைத் தண்ணீர் இருக்கிறது. பூவாளியில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பூவாளியின் கைப்பிடி சரியில்லை.

பெர்பெத்துவாவின் கீழ் இலைகள் ஓரம் கருகியிருக்கின்றன.

செப்டம்பர் 9

செடித் தொட்டியைச் சாய்த்து வேரைப் பார்த்தேன். பழுப்பு. விரல் பட்டால் தோல் கழன்று வருகிறது. அடித்தண்டில் கறுப்பு ஏறத் தொடங்கிவிட்டது.

விதையில் வந்த இந்த மாதிரிச் செடிகளுக்குச் சொந்த வேர் பலவீனம். இந்த ஊர் உப்பைத் தாங்குவது நாட்டுச் செம்பருத்தியின் வேர்தான். ஆகவே நாட்டுச் செடியின் தண்டை வெட்டிப் பிளந்து, அதில் இதன் கிளையை ஆப்புபோலச் சீவிச் செருகி, ஒட்டுக் கட்ட வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சையும் பச்சையும் தொட்டுக்கொண்டால் பிழைக்கும். மயிரிழை விலகினாலும் காய்ந்துவிடும். சீவல் ஒரே இழுப்பில் கண்ணாடிபோல வர வேண்டும். எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

உலகத்தில் இந்தச் செடி ஒன்றுதான். அதில் நல்ல கிளை மூன்று. கறுப்பு மேலே ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். நாளைக் காலை.

செப்டம்பர் 10

காற்று அதிகம். கட்டவில்லை.

செப்டம்பர் 11

கத்தி மழுங்கல். சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14

கத்தி வந்துவிட்டது. வெயில் கடுமை. இந்த வெயிலில் கட்டினால் வாடிவிடும்.

செப்டம்பர் 15

பஹ்ரைனிலிருந்து ரெஜி பேசினான்.

“பேங்க்ல உங்க கையெழுத்து ஒத்துவரலைன்னு அத்தை சொன்னாங்க.”

“அந்தப் பேனா சரியில்லை.”

“டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறீங்களாம்.”

“காபி சூடா இருந்தது.”

“அம்மா, ஒரு தடவை டாக்டர்கிட்ட போங்க. ப்ளீஸ்.”

“எனக்குச் செடி வேலை கிடக்கு, ரெஜி. வைக்கிறேன்.”

டெல்பின் வெளிநாட்டுச் செய்தியும் வாசிக்கிறாள்.

செப்டம்பர் 21

கறுப்பு ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. ஆட்டோ பிடித்து பைபாஸ் ரோட்டில் உள்ள நர்சரிக்குச் செடியோடு போனேன். யாரிடமும் வேலை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் போனேன்.

“ஒட்டா? அதெல்லாம் இங்க யாரும் கட்டுறதில்லம்மா. எல்லாம் லாரில வந்து இறங்குது. பூத்த செடியாவே தாரேன். ரெட்டு வேணுமா, எல்லோவா?”

“இந்தச் செடிதான் வேணும்.”

அவன் தொட்டியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். “இது போயிட்டும்மா” என்றான், மருத்துவமனையில் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி.

செப்டம்பர் 27

நாட்டுச் செம்பருத்திக் குச்சிகளில் பழகிப் பார்த்தேன். சீவல் படிக்கட்டுபோல வருகிறது. பழக்கம் விட்டுப்போனால் அப்படித்தான் இருக்கும்.

கத்தியைக் கீழே வைத்தபிறகும் வலது கை சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செபமாலை இல்லாமலே மணி உருட்டுகின்றன. என்னைவிட என் கைக்குப் பக்தி அதிகமாகிவிட்டது.

பூசையில் நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கவில்லை. நாவில் வாங்கினேன். அதுதான் பழைய மரியாதை.

அக்டோபர் 2

மதிலோரம் வெயில் படுகிறது என்று தொட்டியை நிழலுக்கு இழுத்தேன். நான் உண்டாக்கிய செடிகள் இருக்கும் பின்வரிசைவரை கொண்டுபோக முடியவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில், முன்வரிசை நாட்டுச் செடிகளோடு விட்டிருக்கிறேன். நாளை நகர்த்திவிடுவேன். இலைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. மூன்று கிளைகளும் இன்னும் பச்சை. நுனிகளில் மொட்டுகள்கூட இருக்கின்றன. சாகப்போகும் செடி அப்படித்தான் மொட்டு விடும்.

அக்டோபர் 7

எழுத்து எழுத்தாக எழுதுகிறேன். பதறக்கூடாது.

எங்கள் தெருவில் மாதா சுரூபம், ஒரு சிறு சிலை, ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போகும். இன்று டெல்பின் வீட்டு முறை. மாதாவுக்குப் பூ வைக்க என் முன்வரிசைச் செடிகளில் அவள் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். லியோன் காலத்து ஏற்பாடு.

செபமாலைக்குப் போனேன். முட்டிபோட முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தாள். நான் முட்டிதான் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால், மாதாவின் பாதத்தில், பித்தளைச் செம்பில், என் மூன்று கிளைகளும் இருந்தன.

செபமாலையின் ஐந்து தேவ ரகசியங்களும் முடிய வேண்டும். என் வாய் எல்லோரோடும் சேர்ந்து செபம் சொன்னது. கண் கிளைகளில் கணுக்களைத் தேடியது. வெட்டு எங்கே விழுந்தது? செம்பில் இருப்பது நல்ல தண்ணீரா, போர்த் தண்ணீரா? மின்விசிறி நேராக அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மொட்டு தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் மணிகள் சத்தம் போடும். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று எல்லோரும் சொன்னபோது நான் டெல்பினைப் பார்த்தேன்.

சுண்டல் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

“அந்தக் கிளையை எங்க வெட்டினே?”

“உங்க கேட்டுக்குப் பக்கத்துலதான் மைனி, முன்வரிசையில. பாதி செத்த செடி. மொட்டாவது மாதாவுக்கு ஆகட்டும்னு ஒட்ட வெட்டிட்டேன்.”

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, சுண்டல் தட்டு சாய்ந்தது.

“அய்யோ. மைனி… சிமெண்டா?”

“எடு. இப்பவே எடு.”

மூன்றாவது வீட்டுச் சலேத்தம்மாள் குறுக்கே வந்தாள். சுரூபம் எந்த நாள் எந்த வீடு என்று முறை வைப்பது அவள்தான். “லியோன் வீட்டம்மா, மாதாவுக்கு வச்சதை மாதா இருக்கும்போது எடுக்கப்பிடாது. நாளைக்குச் சுரூபம் எறங்கட்டும், பொறவு எடுத்துக்கிடுங்க.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் அழவும் முடியாது, கெஞ்சவும் முடியாது. “அந்த ஃபேனை மட்டும் நிறுத்துங்க” என்றேன். எல்லோரும் வேர்த்து வடிந்துகொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு சுண்டல் தின்றார்கள். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது டெல்பின்தான்.

திரும்பி வந்து கேட்டருகே தொட்டியைப் பார்த்தேன். ஒரு கறுத்த குச்சி. அவ்வளவுதான் மிச்சம்.

அக்டோபர் 8

விடிந்ததும் டெல்பின் வீட்டுப் பக்கவாசல் வழியாகப் போனேன். பூட்டவில்லை. அவள் முன்னறையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“நான் பாக்கலை மைனி. சலேத்தம்மா கேட்டா பாக்கலைன்னு சொல்லணும்லா.”

கிளைகளை எடுத்து ஈரத்துணியில் சுற்றினேன். ஒரு பூ திருப்பித் தருகிறேன் என்று மாதாவிடம் சொன்னேன். இத்தனை வயதில் திருடினேன், அதுவும் யாரிடம்.

சாயங்காலம்.

முதல் கிளை: சீவும்போது கத்தி உள்ளே இறங்கி ஆப்பு முறிந்தது. மீதித் துண்டில் கணு இல்லை.

இரண்டாவது கிளை: சீவல் சுமாராக வந்தது. செருகும்போது கை உதறி, பட்டை உரிந்துபோயிற்று. கட்டைவிரலில் வெட்டு. துணியெல்லாம் ரத்தம்.

கத்தி சரியில்லை என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். கத்தி நன்றாகத்தான் இருக்கிறது. காற்று இல்லை. வெயில் இல்லை. பூவாளியின் கைப்பிடியும் நன்றாகத்தான் இருந்தது.

கைதான்.

அக்டோபர் 9

மூன்றாவது கிளை ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டொரு நாள் தாங்கும். அதற்குமேல் தாங்காது.

வலது கையை மேஜையோடு துணியால் கட்டிப் பார்த்தேன். இடது கையால் பார்த்தேன். நாட்டுக் குச்சிகளைச் சீவிச் சீவிச் சமையலறைத் தரை முழுவதும் சிராய். ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்பது வருடம் நான் கண்ட நிறம், எனக்கு மட்டும் தெரிந்த நிறம், ஒரு வெள்ளரிக்காயோடும் முட்டையோடும் கிடக்கிறது. அதை எடுத்து வைக்க எனக்குக் கை இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன் என்று இதில் எழுதமாட்டேன்.

ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்ப்பதையாவது நிறுத்த வேண்டும். குளிர் போகிறது.

அக்டோபர் 10

டெல்பின் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அரிவாள்மணை போட்டுச் சீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். துண்டுகள் ஒரே கனத்தில் விழுந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

“மைனி, வையறதா இருந்தா வைஞ்சுட்டுப் போங்க. மூணு நாளா நீங்க வையாம இருக்கியள்லா, அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“டெல்பின், என் கை ஆடுது.”

“தெரியும் மைனி.”

“எப்பலேர்ந்து?”

“போன ஈஸ்டர்லேர்ந்து. மெழுகுதிரி பிடிச்சியள்ல, மெழுகு பூரா உங்க சேலையில.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க சொல்லலையே மைனி.”

பூனை ஒன்று மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் அதைத் துரத்தவில்லை.

“ஒரு கிளை இருக்கு” என்றேன். “ஒண்ணே ஒண்ணு. நான் சொல்றபடி நீ வெட்டணும்.”

“நானா? சேசுவே! அதை ஒட்ட வெட்டுனவளே நான்தான.”

“அதனாலதான். வெட்டு சுத்தமா இருந்தது. போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டு மூணு தடவை. மீன் வாசனையோட என் செடியைத் தொடக்கூடாது.”

அக்டோபர் 11

காலை முழுவதும் நாட்டுக் குச்சிகளைச் சீவவைத்தேன். அவளுக்குத் தாவரத்தில் எது மேல் எது கீழ் என்றுகூடத் தெரியாது. ஆனால் கத்தி இழுத்தால் இழுத்த இடத்தில் போகிறது.

“முள்ளை ஒட்டிக் கத்தி போகுமே, அது மாதிரியா மைனி?”

“அப்படியே. முள்ளுல ஒரு துளி சதை இருக்கக்கூடாது.”

“அது எனக்கு வரும்.”

மதியத்துக்கு மேல் மேகம் மூடியது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் உதடு காய்ந்திருந்தது.

“இது போச்சுன்னா?”

“போச்சுன்னா போச்சு. நீ வெட்டு.”

பொய். அவளுக்கும் தெரியும்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன், வகுப்பில் நிறுத்திவைத்ததுபோல. ஒரு பக்கம் இழுத்தாள். திருப்பி மறுபக்கம் இழுத்தாள். நாட்டுச் செடியின் தண்டைப் பிளந்து செருகினாள். லியோனின் பூதக்கண்ணாடியை அவளே என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். பார்த்தேன். “மயிரிழை உன் பக்கம்.” நகர்த்தினாள். “இன்னும்.” “மைனி, இதுக்கு மேல மயிரே இல்லை.” பச்சையும் பச்சையும் தொட்டன. “கட்டு” என்றேன். நாடாவைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, பின்வரிசையில் கொண்டுபோய் வைத்தாள். தூக்கியதும் அவள்தான்.

“இதுக்குப் பேரு வச்சாச்சா மைனி?”

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உங்க பேரா! நான் எப்படி உங்க பேரைச் சொல்லுவேன்? அண்ணன் பொண்டாட்டி பேரைச் சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாளே.”

“அப்ப சிமெண்டுன்னே கூப்பிடு.”

அக்டோபர் 14

பையைத் திறக்கக்கூடாது. நான் வைத்த சட்டம்தான்.

அக்டோபர் 17

மழை. பைக்குள் நீர் முத்து முத்தாக நிற்கிறது. ஒன்றும் தெரியவில்லை. பச்சையாக இருப்பதுபோலவும் இருக்கிறது, கறுத்ததுபோலவும் இருக்கிறது. என் கண்ணையும் இனி நம்ப வேண்டாம்.

அக்டோபர் 21

கேட்டருகே இருந்த பழைய குச்சியை டெல்பின் பிடுங்கினாள். வேர் என்று ஒன்றும் இல்லை, சேறாக வந்தது. இனி உலகத்தில் இருப்பது அந்தப் பைக்குள் இருப்பதுதான், அதுவும் இருந்தால்.

அக்டோபர் 24

மாதாவே, நீ பழி வாங்குகிறவள் இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்டோபர் 26

நான் தூங்குகிறேன் என்று நினைத்து டெல்பின் வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து கத்தினேன். “முளைச்சிருக்கு மைனி!” என்றாள். பொய் சொல்லாதே என்றேன். “வந்து பாருங்க, ஊசிமுனை அளவு!” செருப்பில்லாமல் சேற்றில் ஓடினேன். இருந்தது. கணுவில், ஊசிமுனை அளவு, பச்சை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஆடாமல் இருப்பதற்காகத்தான்.

நவம்பர் 12

டாக்டரிடம் போனோம். போகும்போது ஆட்டோவில் டெல்பின் வழி முழுவதும் பேசினாள், திரும்பும்போது செபமாலை சொன்னாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். இதில் எழுதப்போவதில்லை. அதற்கு இங்கே இடம் கொடுக்கமாட்டேன்.

இனி தூரிகை பிடிக்க முடியாது. பிடித்தாலும் ஒற்ற முடியாது. ஆகவே பெர்பெத்துவாவுக்குப் பின் வேறு எதுவும் இல்லை. ஆகஸ்டில் இணைத்ததில் காய் நிற்கவில்லை என்பதை இப்போது எழுதுகிறேன்.

ஜனவரி 6

மொட்டு.

பிப்ரவரி 11

(மைனி சொல்லச் சொல்ல டெல்பின் எழுதுவது. முந்தின பக்கங்களைப் படிக்கக்கூடாது என்று உத்தரவு. படித்துவிட்டேன். காபிகூடக் கொடுக்காமல் அனுப்பியதை எழுதத்தான் வேணுமா மைனி?)

இன்று லூர்து மாதா திருநாள். மாதா சுரூபம் நேற்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தது. ஒரு மாதமாக மூடிக்கிடந்து போக்குக்காட்டிய மொட்டு இன்று காலை விரிந்தது. மாதாவுக்கு ஒரு பூ திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்ததால் பறிக்கச் சொன்னேன். டெல்பின் மறுத்தாள். (மறுபடியும் அந்தச் செடியில கத்தி வைக்கமாட்டேன்னு சொன்னேன்.) மாதாவை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதுபோல, பின்வரிசைக்குக் கொண்டுபோய்ப் பூவுக்கு முன்னால் நிறுத்தினாள். முறையில்லாத காரியம். சலேத்தம்மாளுக்குத் தெரியக்கூடாது.

நிறத்தைக் குறித்துவைக்க வேண்டும். நிறம்: மழைக்கு முந்தின விடியற்காலையில் உப்பளத்துப் பாத்தி

(நனைஞ்ச சிமெண்டு.)

அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடிக்க மறுக்கிறாள்.

(மைனி, நான் ஒண்ணு எழுதிக்கிடுதேன். மொட்டைமாடி பூசுன அன்னைக்கு மழை வந்திட்டு. நீங்களும் அண்ணனும் தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினிய. நீங்க வழுக்கி விழுந்திய, அண்ணன் உங்க பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அப்ப வானமும் தளமும் ஒரே கலர், ஓரத்துல மட்டும் ரோஸ். நான் ஏணியில நின்னு பாத்தேன். அந்தக் கலரைத்தான் அன்னைக்குச் சொன்னேன். நல்ல கலர்னுதான் மைனி சொன்னேன்.)

(மைனி நோட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.)

(மைனி இப்போது சொல்வது:) நிறம், நனைந்த சிமெண்டு. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 14

என் கையால். எழுத்து எறும்புபோல இருக்கிறது.

காலையில் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பூவாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு டெல்பின் செடியோடு பேசிக்கொண்டிருந்தாள். முதலில் வாய்க்குள், கூச்சத்தோடு. பிறகு தெளிவாக.

“பெர்பெத்துவா. ஏ பெர்பெத்துவா. வெயிலுக்கு முந்தி நல்லாக் குடிச்சுக்கிடு.”

செடியைத்தான் கூப்பிட்டாள். எனக்குத் தெரியும்.

“என்ன?” என்றேன்.